ஓணம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

தோவாளையில் பூ கட்டும் வீட்டில் பிறந்தவள் நான். திருச்சூருக்கு வாழ்க்கைப்பட்டு இருபத்திரண்டு ஓணம் கண்டாயிற்று. ஆவணி பிறந்தால் போதும், சித்தி மகள்கள், பள்ளித் தோழிகள், தம்பியோடு வேலை பார்ப்பவர்கள் என்று யாராவது போன் போட்டு ஓணத்தைப் பற்றி விசாரிப்பார்கள். பாதிக் கேள்விகள் ஒன்றேதான். அவர்களுக்குச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஓணம் ஒரு வருஷம் ஆகஸ்டிலும் இன்னொரு வருஷம் செப்டம்பரிலும் வருகிறதே, ஏன்?

மாதக் கணக்கு சூரியனை வைத்து, நாள் கணக்கு நட்சத்திரத்தை வைத்து. மலையாள வருஷத்தின் முதல் மாதம் சிங்கம். நம் ஆவணிதான் அது. அந்த மாதத்தில் திருவோண நட்சத்திரம் என்றைக்கு வருகிறதோ அன்றைக்கு ஓணம். 2023-இல் ஆகஸ்ட் 29, 2024-இல் செப்டம்பர் 15, 2025-இல் செப்டம்பர் 5.

டிக்கெட் போடுகிறவர்கள் அந்த ஒரு நாளை மட்டும் பார்க்க வேண்டாம். முந்தின நாள் உத்திராடம்தான் ஒன்றாம் ஓணம். திருவோணம் இரண்டாம் ஓணம், அவிட்டம் மூன்றாவது, சதயம் நான்காவது. சதயத்தன்று ஸ்ரீ நாராயண குருவின் ஜெயந்தியும் வரும்.

தோற்றுப்போன அசுர ராஜாவை வரவேற்று ஒரு விழாவா?

ஆமாம். எனக்கு ஓணத்தில் ரொம்பப் பிடித்ததே இதுதான். பிரகலாதனின் பேரன் மகாபலி. மலையாளிகள் வாயில் மாவேலி. அவன் ஆண்ட காலத்தில் கள்ளமில்லை, பொய்யில்லை, மனிதரெல்லாம் ஒன்றுபோல இருந்தார்கள் என்று பாட்டு உண்டு. வாமனன் மூன்றடி மண் கேட்டான். இரண்டடியில் உலகங்களை அளந்துவிட்டான். மூன்றாவது அடிக்கு மாவேலி தலையைக் கொடுத்தான். பாதாளத்துக்குப் போகும்போது, ‘வருஷத்துக்கு ஒருமுறை என் ஜனங்களைப் பார்க்க வரணும்’ என்று வரம் வாங்கிக்கொண்டான். அவன் வரும் நாள் ஓணம்.

பாகவதத்திலும் பலியின் கதை இருக்கிறது. அங்கே வேள்வி நடப்பது நர்மதைக் கரையில். வருஷந்தோறும் ஊருக்குத் திரும்பி வருவது மலையாள நாட்டார் சேர்த்துக்கொண்டது. ஓணத்தின் உயிரே அந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது என்பேன். ஓணத்தன்று செய்கிற ஒவ்வொன்றையும் இதோடு வைத்துப் பாருங்கள். வாசலை மெழுகுவது, பூவிடுவது, புதுத்துணி உடுத்துவது, உள்ளதையெல்லாம் சமைத்து இலையில் வைப்பது எல்லாமே வெகுநாள் கழித்து வருகிற விருந்தாளிக்காக ஒரு வீடு செய்கிற வேலை.

அப்படியானால் ஓணம் மாவேலிக்கா, வாமனனுக்கா?

இந்த வழக்கு வருஷா வருஷம் நடக்கிறது. எர்ணாகுளம் பக்கத்துத் திருக்காக்கரைக் கோயிலில் மூலவர் வாமனமூர்த்தி. அத்தத்தன்று கொடியேறித் திருவோணம் வரை பத்து நாள் திருவிழா அங்கே. நம்மாழ்வார் திருக்காட்கரை என்று பாடிய தலம் அது. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. வீட்டில் களிமண்ணில் பிடித்து வைக்கிற உருவத்துக்கும் திருக்காக்கரையப்பன் என்றுதான் பேர். அதையே ஓணத்தப்பன் என்றும் சொல்கிறார்கள், மாவேலி என்று கும்பிடுகிறவர்களும் உண்டு. எங்கள் மாமியார் ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்றாக எல்லாரையும் உட்காரவைப்பார். நானும் அதையே செய்கிறேன். ஒருவரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டுக் கொண்டாடுகிற விழா இல்லை இது.

அறுவடைத் திருவிழா என்கிறார்கள். வயலில் அப்போது என்ன நடக்கும்?

முதலில் கர்க்கடகத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஆடி. விடாத மழை, வேலையில்லை, பத்தாயத்தில் நெல் தீர்ந்திருக்கும். ‘பஞ்ஞ மாசம்’ என்பார்கள், நம் பஞ்சம்தான். அந்த மாசம் கழிந்து வெயில் எட்டிப்பார்ப்பது சிங்கத்தில். சித்திரை, வைகாசியில் விதைத்த விரிப்புப் பயிர் ஆவணி, புரட்டாசியில் கதிர் முற்றி அறுப்புக்கு வரும். நேந்திரக் குலையும் இந்தச் சமயத்தில்தான் வெட்டுவார்கள். பட்டினி மாதம் போய்ப் பத்தாயம் நிறைகிற நேரம். ‘காணம் விற்றும் ஓணம் உண்ணணும்’ என்று பழமொழி உண்டே, நிலத்தை விற்றாவது ஓணச்சோறு உண்ண வேண்டும் என்று, அதை ஆடம்பரத்துக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு மாதம் கஞ்சியோடு கிடந்த வீட்டின் குரல் அது.

குடியானவர்கள் ஜன்மி (நிலக்காரர்) வீட்டுக்கு நேந்திரக் குலை கொண்டுபோய் வைப்பதும், ஜன்மி அவர்களுக்குத் துணியும் நெல்லும் கொடுப்பதும் அன்றைய வழக்கம். அதற்குக் காழ்ச்சக்குலை என்று பேர். இப்போது உத்திராடத்தன்று குருவாயூர் கோயில் கொடிமரத்தடியில் பக்தர்கள் வைக்கிறார்கள். பளபளவென்று பொன்னிறத்தில் இருக்கும் செங்ஙாலிக்கோடன் குலைகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கவே ஒருமுறை போகலாம்.

இன்றைய நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். 1970-களின் நடுவில் கேரளத்தில் ஏறத்தாழ 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் இருந்தது. இன்று சுமார் 2 லட்சம்தான். ஓணத்துக்கு அரிசி வெளிமாநிலத்திலிருந்து வருகிறது, காய்கறி ஒட்டன்சத்திரத்திலிருந்து வருகிறது. அறுவடை மற்றவர்கள் வயலில், விழா இங்கே என்று ஆகிவிட்டது. எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த வயலும் இப்போது வயல் இல்லை. அதை நினைக்காமல் ஒரு ஓணமும் கழிவதில்லை எனக்கு.

பூக்களத்துக்கு விதிமுறை உண்டா? என்ன பூ, எத்தனை வட்டம்?

ஊருக்கு ஊர் மாறும். எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்கிறேன். அத்தத்தன்று காலையில் முற்றத்தைச் சாணமிட்டு மெழுகி, தும்பைப்பூவை மட்டும் ஒரு சின்ன வட்டமாக இடுவோம். சித்திரைக்கு இரண்டாவது வட்டம். சிவப்புப் பூ, குறிப்பாகச் செம்பருத்தி, சோதி (சுவாதி) நாளிலிருந்துதான். நாளாக ஆக வட்டமும் நிறமும் கூடும். மூலத்தன்று சதுரமாக இடுவது பல வீடுகளில் வழக்கம். உத்திராடத்தன்று போடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிசு.

கல்யாணமாகி வந்த முதல் ஓணத்துக்குத் தோவாளைச் சந்தையிலிருந்து அப்பா இரண்டு மூட்டைப் பூ அனுப்பியிருந்தார். மஞ்சள் கேந்தி (செண்டுமல்லி), ஆரஞ்சு கேந்தி, வாடாமல்லி, அரளி எல்லாம். அத்தத்தன்றே கொட்டிப் பெரிய களமாகப் போட்டுவிட்டேன். மாமியார் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. வேலியோரம் போய், ஒரு கைப்பிடி தும்பை பறித்துக்கொண்டு வந்து என் உள்ளங்கையில் வைத்தார். “மோளே, மாவேலிக்கு இது போதும்.” தும்பையை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? நகக்கண் அளவுகூட இருக்காது. வெள்ளை உதடு ஒன்று முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். காம்பைக் கிள்ளினால் தனியே கழன்று வரும். நூறு பூ பறித்தாலும் உள்ளங்கைக் குழி நிறையாது. வாமனனுக்கு முன்னால் அடங்கி நின்ற பூ என்றும், மாவேலிக்குப் பிடித்த பூ என்றும் சொல்வார்கள்.

அந்தக் காலத்தில் காசு கொடுத்துப் பூ வாங்கினதில்லை. பிள்ளைகள் ஓலையில் முடைந்த பூவட்டியைக் கழுத்தில் தொங்கவிட்டு, ‘பூவே பொலி’ என்று கூவிக்கொண்டு காடுமேடெல்லாம் அலைந்து பறிப்பார்கள். முக்குற்றி, காக்கப்பூ, தெச்சி, சங்குப்பூ, அரிப்பூ. தெச்சி என்பது நம் இட்லிப்பூ. காக்கப்பூ ஈர வயல்வெளியில் நீலமாய்ப் பூக்கும். வயல் போன இடத்தில் அதுவும் போயிற்று.

இன்றைய பூக்களத்துக்குப் பூ எல்லாம் தமிழ்நாட்டிலிருந்துதானா?

பெரும்பங்கு அப்படித்தான். தோவாளை, திண்டுக்கல், கம்பம் பக்கம், தென்காசிக்கு அருகே சுந்தரபாண்டியபுரம், கர்நாடகத்தில் குண்டலுப்பேட்டை. அத்தம் பிறந்தால் தோவாளைச் சந்தையில் ராத்திரி பகல் கிடையாது. திருவனந்தபுரம் வியாபாரிகள் வண்டியோடு வந்து நிற்பார்கள். எங்கள் அம்மா விரல்நுனி மஞ்சளேறி ஒரு வாரத்துக்குப் போகாது. அந்தப் பத்து நாள் வருமானத்தை நம்பிக் கல்யாணம் நிச்சயித்த வீடுகள் எங்கள் தெருவில் உண்டு. கொஞ்ச வருஷமாகக் குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழுப் பெண்கள் கேரளத்திலேயே செண்டுமல்லி பயிரிடுகிறார்கள். தோவாளைக்கு அது நஷ்டம்தான். ஆனால் அவர்கள் தோட்டத்தைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஓணத்தப்பனை எப்படிப் பிடிப்பது?

பிசைந்த களிமண்ணை நாலு பக்கமும் சரிவாக, மேலே குறுகி வருவதுபோல் பிடிக்க வேண்டும். கோபுரத்தின் நிழல்போல இருக்கும். கண், மூக்கு எதுவும் கிடையாது. நிழலில் காயவைத்து, பலகையிலோ வாழையிலையிலோ நிறுத்தி, அரிசிமாவைக் கரைத்து விரலால் வழியவிட்டால் சிவந்த மண்மேல் வெள்ளைக் கோடுகளாய் இறங்கும். உச்சியில் தும்பைக் கொத்தைச் செருகுவோம். திருவோணத்தன்று விடியும் முன்னே குளித்து, விளக்கேற்றி, ‘ஆர்ப்போ... இர்ரோ’ என்று ஆண்கள் ஆர்ப்பு விளித்து எதிரேற்பார்கள். நைவேத்தியம் பூவடை: அரிசிமாவில் தேங்காயும் வெல்லமும் வைத்து இலையில் வேகவைத்தது. திருச்சூரில் ஓணத்துக்கு முன்னால் நடைபாதையில் ஓணத்தப்பனை அடுக்கி விற்பார்கள். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் பிள்ளைகள் கையில் ஒருமுறை மண்ணைக் கொடுத்துப் பாருங்கள்.

சத்யாவுக்கு (ஓணத்து இலைவிருந்து) இருபத்தாறு வகை வைத்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். பதினொன்று வைத்தாலும் சத்யாதான். என்னைக் கேட்டால், விட்டுவிடக் கூடாதவை உப்பேரி (நேந்திரங்காய் வறுவல்), சர்க்கரைவரட்டி (வெல்லம் பூசிய வறுவல்), புளியிஞ்சி, காளன், ஓலன், அவியல், பருப்பு நெய், பப்படம், ஒரு பிரதமன் (தேங்காய்ப்பால் பாயசம்). இஞ்சிக்கறி ஒன்றே நூற்றுக்கு மேற்பட்ட கறிக்குச் சமம் என்று வரருசி என்ற பண்டிதரின் கதையில் வரும்.

ஓலனைப் பற்றித் தனியாகச் சொல்ல ஆசை. தடியங்காய் (வெள்ளைப்பூசணி), வன்பயறு (காராமணி), பச்சைமிளகாய், தேங்காய்ப்பால், கடைசியில் ஒரு சுற்றுப் பச்சைத் தேங்காயெண்ணெய், கறிவேப்பிலை. மஞ்சள் இல்லை, புளி இல்லை, தாளிப்பு இல்லை. முதல்முறை சாப்பிடும் நம்மவர்களுக்குச் சப்பென்று தோன்றும். காரமும் புளிப்பும் மாறி மாறி வருகிற அந்த இலையில் நாக்கு ஓய்வெடுக்கும் இடம் அது. காளன் அதற்கு நேர் எதிர்: சேனையும் நேந்திரங்காயும் நன்றாகப் புளித்த தயிரில் வற்றி, கரண்டி நிற்கிற பதத்துக்கு வர வேண்டும். அப்படி வற்றிய குறுக்குக்காளன் பல நாள் கெடாது.

அடைப்பிரதமனுக்குத் தேங்காயை மூன்றுமுறை பிழிய வேண்டும். வெந்த அடையை (அரிசிமாவில் செய்த துணுக்குகள்) வெல்லப்பாகில் போட்டு நெய்விட்டு வரட்டி, முதலில் மூன்றாம் பால், அது வற்றியதும் இரண்டாம் பால். ஒன்றாம் பாலை அடுப்பை அணைத்துவிட்டு ஊற்ற வேண்டும். கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். நான் முதல் வருஷம் திரியவிட்டேன். மாமனார் இரண்டு கிளாஸ் வாங்கிக் குடித்தார்.

இலையில் எங்கே எதை வைப்பது, எந்த வரிசையில் சாப்பிடுவது?

இலையின் நுனி சாப்பிடுகிறவரின் இடப்பக்கம். உப்பு, உப்பேரி, சர்க்கரைவரட்டி, ஊறுகாய்கள் எல்லாம் இடது ஓரம். அங்கிருந்து வலமாகக் கறிகள். சோறு கீழ்ப்பாதியில். முதல் சோற்றுக்குப் பருப்பும் நெய்யும், மேலே பப்படத்தை நொறுக்கிப் பிசைய வேண்டும். இரண்டாவது சாம்பார். பிறகு பாயசம். திருவனந்தபுரத்துப் பக்கம் போளியை இலையில் பிய்த்துப் போட்டு அதன்மேல் பால்பாயசம் ஊற்றுவார்கள். நாகர்கோவில்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதற்கப்புறம் மறுபடி கொஞ்சம் சோறு, ரசம், மோர். பாயசம் முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். மோர் வராமல் சத்யா முடியாது.

ஓணத்துக்கு அசைவம் உண்டா?

தெற்கிலும் நடுக்கேரளத்திலும் திருவோண இலை சைவம். கோழிக்கோடு, கண்ணூர்ப் பக்கம் பல வீடுகளில் மீனோ கோழியோ இலையில் இருக்கும். அவர்களுக்கு அதுதான் ஓணம். யார் முறை சரி என்று கேட்காதீர்கள். விருந்து வீட்டுக்காரர் முறைதான் சரி.

வள்ளம்களியைப் பார்க்க ஆலப்புழை போக வேண்டுமா, ஆரன்முளைக்கா?

இரண்டும் வேறு வேறு. ஆலப்புழைப் புன்னமடைக் காயலில் நடக்கிற நேரு கோப்பைப் படகுப்போட்டி, 1952-இல் ஜவாஹர்லால் நேரு வந்ததிலிருந்து தொடங்கியது. ஏறத்தாழ நூறு பேர் ஏறும் சுண்டன் வள்ளங்கள் சீறிக்கொண்டு போகும். பல வருஷங்கள் ஆகஸ்டின் இரண்டாவது சனிக்கிழமை நடந்தது, 2025-இல் ஆகஸ்ட் 30-க்கு மாறியது. ஓணத்தோடு அதற்கு நேரடித் தொடர்பில்லை.

ஓணத்து வள்ளம்களி பம்பையாற்றில் ஆரன்முளையில், உத்திரட்டாதி நாளன்று. அங்கே படகுக்குப் பள்ளியோடம் என்று பேர், தெய்வத்தின் படகு. ஒவ்வொரு கரைக்காரர்களுக்கும் ஒரு பள்ளியோடம், ஏறுகிறவர்கள் விரதம் இருப்பார்கள். திருவோணத்துக்கு முன்னிரவு காட்டூரிலிருந்து ‘திருவோணத் தோணி’ பார்த்தசாரதி கோயிலுக்கு அரிசியும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு வரும். அந்தப் பொருளில்தான் மறுநாள் கோயில் விருந்து. அங்கே வள்ளசத்யா என்று ஒன்று உண்டு. ஓடக்காரர்கள் ஒவ்வொரு பதார்த்தத்தையும் பாட்டிலே கேட்பார்கள், கேட்டதை இல்லையென்று சொல்லாமல் பரிமாற வேண்டும். போட்டி பார்க்க ஆலப்புழை, ஓணம் பார்க்க ஆரன்முளை.

திருச்சூர் புலிக்களி (புலிவேஷ ஆட்டம்) எந்த நாள்?

நாலாம் ஓணத்தன்று சாயங்காலம், வடக்குநாதன் கோயிலைச் சுற்றியுள்ள சுவராஜ் ரவுண்டில். ஆனால் காலையிலேயே வந்து வேஷம் கட்டும் இடத்தைப் பாருங்கள். உடம்பு முழுக்கச் சவரம் செய்து, வார்னிஷில் குழைத்த வண்ணத்தைப் பூசி, ஒரு பூச்சுக் காய்வதற்கு மணிக்கணக்கில் கைகளை விரித்தபடி நிற்பார்கள். உட்காரவும் முடியாது. தொந்தி பெரிதாக உள்ளவருக்கு அன்று ராஜமரியாதை. வயிற்றில் புலியின் முகம் எழுதினால் நடக்கும்போது அது வாயைத் திறந்து மூடும். 2016-லிருந்து பெண்புலிகளும் இறங்கியிருக்கிறார்கள்.

பேசாமல் வீடு வீடாக வரும் ஓணப்பொட்டன் யார்?

வடகரை, குற்றியாடிப் பக்கம், கண்ணூரில் சில இடங்களில் வருவார். தலையில் கிரீடம், கையில் ஓலைக்குடையும் மணியும். வாய் திறக்க மாட்டார். ஓடிக்கொண்டே வந்து மணியைக் குலுக்கி வாழ்த்திவிட்டுப் போவார். மாவேலியே வந்ததாகப் பாவித்து அரிசி, காசு கொடுப்பார்கள். மலையர் சமூகத்தார் பரம்பரையாகக் கட்டும் வேஷம்.

இந்துக்கள் மட்டும் கொண்டாடுகிற விழாவா?

இல்லை. எங்கள் பக்கத்து வீடு கிறிஸ்தவக் குடும்பம், அடுத்தது முஸ்லிம் குடும்பம். இரண்டு வாசலிலும் பூக்களம் இருக்கும், பாயசத் தூக்குகள் மூன்று வீட்டுக்கும் போய்வரும். திருப்பூணித்துறையில் அத்தத்தன்று நடக்கும் அத்தச்சமயம் ஒரு காலத்தில் கொச்சி ராஜாவின் பவனி. 1949-இல் நின்றுபோய், 1961-இல் ஊர்மக்கள் விழாவாகத் திரும்பியது. 2018-இல் வெள்ளத்திலும் 2024-இல் வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகும் அரசு தன் ஓணக் கொண்டாட்டங்களை நிறுத்தியது. 2018-இல் முகாம்களிலேயே இலை போட்டார்கள். யார் எந்த மதம் என்று யாரும் கேட்டுப் பரிமாறவில்லை.

தமிழருக்கும் ஓணத்துக்கும் பழைய உறவு உண்டா?

உண்டு. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, மதுரை நகரில் ‘மாயோன் மேய ஓண நன்னாள்’ கொண்டாடியதைச் சொல்கிறது. பெரியாழ்வார் திருவோணத் திருவிழாவைப் பாடுகிறார். மயிலாப்பூர்ப் பதிகத்தில் சம்பந்தர் ஐப்பசி ஓண விழாவைக் குறிப்பிடுகிறார். தமிழ்நாட்டில் மறைந்தது கேரளத்தில் வேறொரு கதையோடு தழைத்தது என்று நான் எண்ணிக்கொள்கிறேன். குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும், பிறகு வந்த திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் இன்றும் அத்தப்பூவும் ஊஞ்சலும் உண்டு.

ஓணத்துக்கு அழைத்திருக்கிறார்கள். என்ன கொண்டுபோவது?

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஓணக்கோடி, அதாவது புதுத்துணி. பலராமபுரம், குத்தாம்புள்ளி, சேந்தமங்கலம் கைத்தறியில் கசவுவேட்டியோ (ஜரிகைக்கரை வேட்டி) செட்டுமுண்டோ. கையில் காசு குறைவென்றால் நேந்திரம்பழம். ஒன்றுமில்லாவிட்டாலும் காலையிலேயே போய்த் தேங்காய் துருவ உட்காருங்கள். உங்களை அடுத்த ஓணத்துக்கும் கூப்பிடுவார்கள்.

ஓணம் எப்போது முடிகிறது?

திருச்சூரில் புலி இறங்கியதோடு முடிந்தது. ஆனால் கொல்லத்துப் பக்கம் ஓச்சிறையில் இருபத்தெட்டாம் ஓணம் என்று ஒரு நாள் உண்டு. வைக்கோலால் கட்டி, சிவப்பும் வெள்ளையுமாகத் துணி போர்த்திய ராட்சதக் காளைகளை ஊர்க்காரர்கள் வடம்பிடித்துப் பரப்பிரம்மக் கோயில் படநிலத்துக்கு இழுத்து வருவார்கள். வீட்டு மாடியைவிட உயரமாய் நிற்கும் காளைகள் உண்டு. தலை மட்டும் மரத்தில் செதுக்கியது. எங்கள் நாத்தனார் வாழ்க்கைப்பட்டது அங்கேதான். பூத்தரையைக் கழுவிவிட்டு அவளுக்குப் போன் போட்டு, “ஓணம் நல்லபடியா கழிஞ்சுதா?” என்று கேட்டால், “காளைக்கு இன்னும் தலையே வைக்கலையே சேச்சி” என்பாள்.